ஆளில்லாத இடம் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் அணுகுண்டுச் சோதனை நடந்து 80 ஆண்டுகள் ஆனதையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். குண்டு செய்த கதையும் விஞ்ஞானிகள் கதையும் விறுவிறுப்பாகத்தான் இருந்தன. ஆனால் மூன்றாவது பத்தியில், "மெக்சிகோ எல்லையை ஒட்டிய, மனித நடமாட்டமே இல்லாத பாலைவனத்தில்" சோதனை நடந்தது என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே போகும். இடமில்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், துலரோசா என்ற ஊரைப் பற்றிச் சொல்லியிருப்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவன். கடையை மூத்தவனிடம் ஒப்படைத்த பிறகு, வருஷத்தில் பாதி நாள் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தெற்கே லாஸ் க்ரூசெஸ் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். உங்கள் பத்திரிகையை இங்கே போனில்தான் படிக்கிறேன்.

முதலில் எல்லை விஷயம். இதே மாநிலத்தில் குண்டு வெடித்த டிரினிட்டி என்ற இடம் மெக்சிகோ எல்லையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் வடக்கே இருக்கிறது. சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் அவ்வளவு தூரம் கிடையாது. உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவிலேயே நிறையப் பேர் இந்த மாநிலத்தை வேறு நாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிருந்து போனில் சாமான் கேட்டால், "வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை" என்று பதில் வருமாம். அந்த மாதிரிக் கூத்துகளைச் சேர்த்துப் போடுவதற்கென்றே மாநிலத்தின் மாத இதழ் ஒன்று நெடுநாளாக ஒரு பத்தி நடத்துகிறது. வண்டி நம்பர் பிளேட்டில்கூட மாநிலத்தின் பெயரோடு "யு.எஸ்.ஏ." என்றும் அச்சடித்திருக்கிறார்கள். ஐம்பது மாநிலங்களில் வேறு யாருக்கும் அந்தத் தலையெழுத்து இல்லை. இத்தனைக்கும் 1912 ஜனவரியில் 47ஆவது மாநிலமாகச் சேர்ந்தாயிற்று.

கட்டுரையோடு போட்டிருந்த படமும் தப்பு. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்த நெட்டைக் கள்ளி பக்கத்து மாநிலமான அரிசோனாவுக்கு உரியது. இங்கே காட்டில் தானாக முளைப்பதில்லை. இந்த மாநிலத்தின் மலர் யூக்கா. கத்தி கத்தியாய் இலை, நடுவிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்டு, அதில் கொத்துக் கொத்தாய் வெள்ளைப் பூ. மகள் வீட்டு வாசலிலேயே ஒன்று நிற்கிறது.

பாலைவனம் என்பது தெற்கே ஓரளவு சரிதான். ஆனால் மொத்த மாநிலமும் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. பரப்பு சுமார் 3,15,000 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வடக்கே வீலர் சிகரம் 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. தலைநகர் சாந்தா ஃபே கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரத்தில் இருக்கிறது. அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் அதைவிட உயரமானது கிடையாது. டிசம்பரில் அங்கே போனபோது மருமகன் கொடுத்த இரண்டு சட்டைக்கு மேலே கம்பளியும் போர்த்திக்கொண்டுதான் காரை விட்டு இறங்கினேன். பழைமையிலும் அந்த ஊருக்குத்தான் முதலிடம். ஸ்பானியர்கள் அதை நிறுவியது 1610 வாக்கில். மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழும்பாத காலம் அது.

இத்தனை பெரிய இடத்தில் ஜனத்தொகை, 2020 கணக்குப்படி, 21 லட்சம். மதுரை மாவட்டத்து ஜனம்கூட இல்லை. ஆக, ஆள் குறைவு என்று நீங்கள் எழுதினால் ஒத்துக்கொள்வேன். ஆளே இல்லை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

யார் இருக்கிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டது மிளகாய் வழியாகத்தான். லாஸ் க்ரூசெஸுக்கு வடக்கே ஒரு மணிக்கும் குறைவான தூரத்தில் ஹேட்ச் என்று ஒரு சின்ன ஊர். நம் சாத்தூரை வெள்ளரிக்காயும் சேவும் சொல்லித் தெரிந்துவைத்திருப்பதுபோல ஹேட்ச் என்றாலே மிளகாய். ஆகஸ்ட், செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட் வாசலில் பெரிய கம்பி உருளைகளை நிறுத்தி, பச்சை மிளகாயை மூட்டை மூட்டையாகக் கொட்டி, அடியில் கேஸ் தீயை விட்டுச் சுற்றுகிறார்கள். தோல் கருகிப் படபடவென்று வெடிக்கும். புகை தெரு முழுக்கப் போகும். நம் ஊர் வத்தல் வறுத்தால் வருகிற கமறல் இல்லை. தும்மல் வராது, கொஞ்சம் இனிப்புக் கலந்த வாசம். ஆட்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை வாங்கி, தோலை உரித்து, ஃப்ரீஸரில் அடைத்துவைத்து வருஷம் பூராவும் சாப்பிடுகிறார்கள். 2023இல் அந்த வாசத்தை மாநிலத்தின் அதிகாரபூர்வ வாசனை என்றே சட்டம் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் வேறு எந்த மாநிலமும் வாசனைக்குச் சட்டம் போட்டதில்லை. யோசனை கொடுத்தது யார் தெரியுமா? இதே லாஸ் க்ரூசெஸில் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளைகள்.

இதோடு நிற்கவில்லை. மாநிலப் பறவை, மாநில மரம் போல மாநிலக் கேள்வி என்றும் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஹோட்டலில் உட்கார்ந்ததும் சர்வர் கேட்பார்: "சிவப்பா, பச்சையா?" உங்கள் தட்டில் ஊற்றப்போகிற மிளகாய்க் குழம்பு எது என்பதுதான் கேள்வி. இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே செடிதான். பழுக்க விட்டால் சிவப்பு. சிவப்பைச் சரமாகக் கோத்து வீட்டு வாசலில் தொங்கவிடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது, நல்ல நிறத்து வத்தலை இப்படி வெயிலிலும் பனியிலும் விட்டு வெளுக்க வைக்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இந்த நீள மிளகாய்க்கு அடித்தளம் போட்டவர் ஃபபியான் கார்சியா. மெக்சிகோவில் பிறந்து, பெற்றோரை இழந்து, பாட்டியோடு இங்கே வந்து சேர்ந்த பையன். இந்த ஊர் வேளாண் கல்லூரியில் 1894இல் பட்டம் வாங்கிய முதல் அணியில் ஒருவர். ஊருக்கு ஊர் காரமும் உருவமும் மாறிக் கிடந்த மிளகாயைப் பல வருஷம் தேர்ந்தெடுத்துக் கலப்புச் செய்து, 1921இல் "நியூ மெக்சிகோ 9" என்ற ரகத்தை வெளியிட்டார். ஒரே அளவு, சதைப்பிடிப்பு, அளவான காரம். வியாபாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மண்டியில் உட்கார்ந்தவனுக்கு அந்த மனுஷனின் அருமை தெரியும். நமக்கு மிளகாய் வந்ததே அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலில். அந்த வகையில் எனக்குச் சோறு போட்ட பயிரின் தாய்வீட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அந்தத் தொழிலும் இப்போது நொடித்துக்கொண்டுதான் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் போட்டார்கள். இப்போது பத்தாயிரம் ஏக்கருக்கும் கீழே. தண்ணீர் இல்லை, பறிக்க ஆள் இல்லை. மெக்சிகோவிலிருந்தும் சீனாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் மலிவாக வத்தல் இறங்குகிறது என்று ஒரு விவசாயி சொன்னபோது நான் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தேன். மெஷின் வைத்துப் பறிக்கலாம், மாட்டிக்கொள்வது காம்பில். நம் பக்கம் கிட்டங்கியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள் இல்லையா, அந்த வேலையைத்தான் இங்கே வயலில் பறிக்கும்போதே கையால் திருகி முடித்துவிடுகிறார்கள். மெஷினுக்கு அந்த நாசூக்கு வரவில்லை. காம்பு லேசாக விட்டுப்போகிற ரகத்தைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் என்றதும் ரியோ கிராண்டே ஆற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாநிலத்தை வடக்கு தெற்காக நடுவில் பிளந்துகொண்டு வருகிற ஆறு. எங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல். வைகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 1916இல் கட்டி முடித்த எலிஃபண்ட் பியூட் அணையைத் திறந்தால் ஆறு, மூடினால் பையன்கள் வண்டி ஓட்டுகிற மைதானம். கீழ்ப்படுகையில் உள்ள டெக்சஸ் மாநிலம், எங்கள் பங்கு வரவில்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. மேலே விளக்கம் தமிழ்நாட்டு வாசகருக்குத் தேவைப்படாது.

வடக்கே மலையோர கிராமங்களில் அசேக்கியா என்று வாய்க்கால்கள். ஸ்பானியர்கள் வந்த காலத்திலிருந்து ஊரே சேர்ந்து நடத்துவது. வசந்தம் பிறந்ததும் பங்கு உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மண்வெட்டியோடு ஆள் வந்து தூர் வார வேண்டும், வர முடியாதவர் கூலி கட்ட வேண்டும். யாருக்கு எத்தனை மணிக்கு மடை திறப்பது என்று சொல்ல ஊரே தேர்ந்தெடுத்த ஓர் ஆள். தண்ணீர் குறைந்தால் அவர் சொன்னதுதான் முறை. குடிமராமத்து நம்மிடம் பேச்சில் இருக்கிறது, இவர்களிடம் இன்னும் கையில் இருக்கிறது.

சரி, ஆளில்லாத இடம் என்ற பேச்சுக்கு வருகிறேன். குண்டு வெடித்த இடத்துக்குத் தெற்கே இருப்பதுதான் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்கா. உங்கள் பெட்டிச் செய்தியில் "வெள்ளை மணல் மேடுகள்" என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கிறீர்கள். அது மணலே அல்ல, ஜிப்சம். சுற்றியுள்ள மலைகளிலிருந்து மழைநீரில் கரைந்து வந்து, வெளியேற வழியில்லாத பள்ளத்தில் தங்கி, காய்ந்து, காற்றில் பொடியாகிக் குவிந்தது. நடுப்பகல் வெயிலிலும் கால் சுடாது. செருப்பைக் கழற்றி நானே நடந்து பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் பழைய ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த மனிதக் காலடிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வயது 21,000 முதல் 23,000 ஆண்டு என்று 2021இல் அறிவித்தார்கள். இன்னொரு தடத்தில், சிறிய பாதம் கொண்ட ஒருவர், பெரும்பாலும் பெண், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் வேகமாக நடந்து போயிருக்கிறார். இடையிடையே குழந்தையைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறார். அங்கே மட்டும் சின்னக் காலடி பதிந்திருக்கிறது. அவர் போன பிறகு ராட்சத ஸ்லாத் என்ற மிருகம் ஒன்று அந்தத் தடத்தைக் குறுக்கே கடந்து, நின்று, திரும்பியிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலேயே மனித நடமாட்டத்துக்கு இவ்வளவு பழைய சான்று கிடைத்த இடத்துக்குப் பக்கத்தைத்தான் மனித நடமாட்டமே இல்லாதது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்றைக்கும் இந்த மாநிலத்தில் 23 பூர்வகுடி இனங்கள் இருக்கின்றன. 19 புவெப்லோ ஊர்கள், மூன்று அபாச்சே பிரிவுகள், நவஹோ. டாவோஸ் புவெப்லோவில் மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய அடுக்கு வீடுகளில் ஆயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்து குடியிருக்கிறார்கள். 1680 ஆகஸ்டில் போப்பே என்ற புவெப்லோ தலைவர், முடிச்சுப் போட்ட கயிறுகளை ஓட்டக்காரர்கள் மூலம் ஊர் ஊராக அனுப்பினார். நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்து, எல்லா ஊரும் ஒன்றாக எழுந்து, ஸ்பானியர்களைத் துரத்திவிட்டன. பன்னிரண்டு வருஷம் அவர்களால் திரும்பி வர முடியவில்லை. போப்பேயின் பளிங்குச் சிலை இன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது, கையில் அந்தக் கயிற்றோடு.

மாநிலக் கொடியும் அவர்கள் சொத்துதான். மஞ்சள் துணியில் சிவப்புச் சூரியன், நான்கு திசையிலும் நான்கு நான்கு கதிர். ஜியா புவெப்லோவின் பழைய பானை ஒன்றில் இருந்த சின்னம். நான்கு திசை, நான்கு பருவம், நாளின் நான்கு பொழுது, வாழ்க்கையின் நான்கு கட்டம் என்று அவர்களுக்கு அது புனிதமானது. ஹாரி மேரா என்ற மருத்துவர் அதைப் பார்த்து வரைந்த கொடி 1925இல் மாநிலக் கொடியாயிற்று. ஜியா மக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இன்று பனியனிலும் பீர் டம்ளரிலும் குழாய் ரிப்பேர்க்காரர் வேனிலும்கூட அந்தச் சூரியன் இருக்கிறது. சில நிறுவனங்கள் மட்டும் இப்போது ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஊருக்கு நன்கொடையும் கொடுத்துவிட்டுப் பயன்படுத்துகின்றன. அழகான கொடி. அதற்காக, கேட்காமல் எடுத்தது சரி என்று ஆகிவிடாது.

இனி துலரோசா.

1945 ஜூலை 16, காலை 5.29 மணி. குண்டு வெடித்த இடத்திலிருந்து இருபது மைலுக்குள்ளேயே மாடு மேய்க்கும் பண்ணைக் குடும்பங்கள் இருந்தன. ஐம்பது மைல் தொலைவில் துலரோசா, அதையடுத்து மெஸ்கலேரோ அபாச்சே மக்களின் நிலம், துலரோசாவுக்கு வடக்கே கரிசோசோ என்ற ஊர். முன்கூட்டி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரையும் வெளியேற்றவும் இல்லை. பிறகு கேட்டவர்களுக்கு, விமானத்தளத்தில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்று பத்திரிகைச் செய்தி கொடுத்தார்கள். சாம்பல் வந்து விழுந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிப்பார்கள், சமைப்பார்கள். தோட்டத்துக் காய், வீட்டு மாட்டுப் பால். கூரையில் விழுந்த சாம்பல் எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அணுச் சோதனையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு என்று 1990இல் சட்டம் வந்தது. நெவாடாவில் நடந்த சோதனைகளின் காற்றுப்பட்ட ஊர்களைச் சேர்த்தார்கள். முதல் குண்டின் காற்றுப்பட்ட ஊர்களைச் சேர்க்கவில்லை. அங்கே யாரும் இல்லை என்று நீங்கள் எழுதிய அதே வரியை எழுதி எழுதித்தான் 35 வருஷம் ஓட்டினார்கள். 2025 ஜூலையில்தான் நியூ மெக்சிகோ மக்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள், உங்கள் கட்டுரை வருவதற்குச் சில நாள் முன்னால். அந்தச் செய்தி உங்கள் முழுப்பக்கத்தில் ஒரு வரி இல்லை.

துலரோசாவில் ஒவ்வொரு ஜூலையும் ஊர் கூடி, புற்றுநோயில் போனவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். என்னை மருமகன் கூட்டிப்போனார். பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிற மைதானம். மளிகைக்கடைப் பழுப்புக் காகிதப் பைகளுக்குள் கொஞ்சம் மணல் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, வரிசையாக வைத்திருந்தார்கள். பெயர்களைப் படிக்கப் படிக்க ஒரே குடும்பப் பெயர் நாலு தடவை, ஐந்து தடவை வந்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டி, தன் வீட்டு ஆட்கள் பெயர் வரும்போதெல்லாம் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். இடையில் என்னைப் பார்த்து, "நீங்கள் யார் வீட்டுக்காரர்?" என்று கேட்டார். வேடிக்கை பார்க்க வந்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. மருமகன்தான் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

குண்டு செய்த லாஸ் அலமோஸ் கதையும் அப்படித்தான். "காலி மேட்டுநிலம்" என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அங்கே ஓர் ஆண்பிள்ளைகள் பள்ளியும் பீன்ஸ் போட்டுப் பிழைத்த ஸ்பானிய வம்சக் குடியானவர்களும் இருந்தார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு எழுப்பிவிட்டார்கள். இன்னொன்று. 1979இல், அதே ஜூலை 16ஆம் தேதி, மாநிலத்தின் மேற்கே சர்ச் ராக் என்ற இடத்தில் யுரேனியம் கழிவுநீர்க் குளத்தின் கரை உடைந்து, நவஹோ மக்கள் ஆடு மேய்க்கிற ஆற்றில் கலந்தது. அதையும் உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆள் குறைவான இடத்தில் எது நடந்தாலும் நடக்காத மாதிரிதான்.

கடைசியாக உங்கள் "பார்க்க வேண்டிய இடங்கள்" பெட்டி. ராஸ்வெல் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பாதி இடம் கொடுத்திருக்கிறீர்கள். 1947இல் அந்தப் பக்கம் விழுந்ததைப் பறக்கும் தட்டு என்று சொன்னாலும் அது ராணுவத்தின் பலூன். ஊர்க்காரர்களுக்கு அது நல்ல வியாபாரம், தெருவிளக்குக்குக்கூடக் கண் வரைந்து வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும். அதே ராஸ்வெலில்தான் ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் காடார்ட் 1930களில் திரவ எரிபொருள் ராக்கெட்டுகளை விட்டுப் பார்த்தார் என்று ஒரு வரி போட்டிருக்கலாமே. அக்டோபரில் ஆல்புகர்க்கியில் நடக்கிற பலூன் திருவிழாவைக் காணோம். 1972இல் பதின்மூன்று பலூனோடு தொடங்கி இப்போது ஐந்நூறுக்கும் மேல் ஏறுகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் காலையில் கீழ்க்காற்று ஒரு பக்கமும் மேல்காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கும். உயரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, ஏறிய இடத்துக்கே திரும்ப வந்து இறங்கிவிடுகிறார்கள். கார்ல்ஸ்பாட் குகையைப் போட்டிருக்கிறீர்கள், நல்லது. கோடையில் சாயங்காலம் வரை இருந்து, லட்சக்கணக்கில் வௌவால் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது அந்தக் கள்ளிப் படத்தையும் இணையதளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மாற்றுக்கு யூக்கா பூத்திருக்கும் படம் ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். மருமகன் எடுத்தது, காசு ஒன்றும் தர வேண்டாம். பெயரும் போட வேண்டாம் என்கிறார்.

இப்படிக்கு,
பழைய வத்தல் மண்டிக்காரன்,
விருதுநகர்
(தற்போது லாஸ் க்ரூசெஸ், நியூ மெக்சிகோ, யு.எஸ்.ஏ.)